காளானுக்கு வியர்க்கும்

ஜூன் 2, திங்கள்

இல்லை, பயம் என்று சொல்ல முடியாது. தத்துவத்தில் எம்.ஏ. முடித்த பெண்ணுக்குக் காளானிடம் என்ன பயம். ஆனால் இருட்டுக் கொட்டகையில் அடுக்கடுக்காக, வெள்ளையாக, சத்தமே இல்லாமல் அவை நிற்கும்போது யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று ஒரு கணம் தெரியாமல் போகிறது. அவ்வளவுதான்.

கோத்தகிரி. மழை. முதல் நாள் வேலை.

பண்ணை கோமளா அக்காவுடையது. பெரியம்மா மகள். வங்கி வேலையை விட்டுவிட்டு இங்கே பட்டன் காளான் வளர்க்கிறாள். பதினொரு பெண்கள் பறிக்கிறார்கள், பெட்டி கட்டுகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் குளிர்வண்டி மலையிறங்கிக் கோவையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறது. பண்ணைக்கும் கடைக்கும் நடுவே இருக்கும் அந்த மூன்று மணி நேரம்தான் என் வேலை. அதற்குள் காளான் கெட்டுவிடக் கூடாது.

"தரம் பாக்க ஒரு ஆள் வெச்சே ஆகோணும்னு கடைக்காரங்க சொல்லிட்டாங்க" என்றாள் அக்கா. "உன்னைய விட்டா யாரு? நீதான் எதையும் நூறு தடவ திருப்பித் திருப்பிப் பாக்கறவளாச்சே."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 24 வரை சோதனைக் காலம். அதற்குள் மூன்று முறை சரக்கு திரும்பி வந்தால் அலமாரியில் நம் இடம் வேறொரு பண்ணைக்குப் போய்விடும். போனால் அக்கா இரண்டாவது கொட்டகையைப் பூட்டிவிடுவாள். பதினொரு பேரில் ஐந்து பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நோட்டின் முதல் பக்கத்தில் வசுமதி என்று என் பெயரையும், கீழே அக்கா சொன்ன விதியையும் எழுதினேன். குளிர்ந்த காளான்மேல் வெளிக்காற்று பட்டால் வியர்க்கும். வியர்த்தால் பழுப்பேறும். சிவப்பு மை. இரண்டு அடிக்கோடு.

ஜூன் 3, செவ்வாய்

வண்டி கிளம்பியது. நான் கையசைத்தேன். ஓட்டுநர் போஜண்ணன், இந்த ஊர்க்காரர், ஐம்பது வயது. பதிலுக்கு ஹாரன் அடித்தார்.

மதியம் கடையின் சீட்டு வந்தது: "குறையில்லை." போன வாரமும் இப்படித்தான் வந்ததாம். அதில் என் பங்கு எதுவும் இல்லை. ஆகவே இதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

முதல் பயணம். காலை ஐந்து மணி. மடியில் நோட்டு, கையில் கம்பி வெப்பமானி, கழுத்தில் மஃப்ளர், மூக்கில் சளி.

குஞ்சப்பனை சோதனைச் சாவடி அருகே நிறுத்தச் சொன்னேன்.

"ஏனுங்க மேடம், வாந்தி வருதுங்களா?"

"இல்லண்ணா. பாக்கணும்."

"என்னத்தைங்க?"

"காளானை."

போஜண்ணன் இறங்கி ஒரு பீடியைப் பற்றவைத்தார். பின்கதவைத் திறந்தேன். தெர்மாகோல் பெட்டிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். தட்டுகள் மேல் இழுத்து ஒட்டிய மெல்லிய உறையை ஓரத்தில் விலக்கி, அங்கங்கே கம்பியைச் செருகினேன். நான்கு டிகிரி. எழுதிக்கொண்டேன். காளான்கள் நலம்.

மேட்டுப்பாளையத்தில் திறந்தேன். ஐந்து. காரமடையில் திறந்தேன். ஆறு. துடியலூரில் ஏழு. கடை வாசலில் கடைசியாக ஒருமுறை, ஒன்பது. இறங்க இறங்கச் சூடு ஏறுகிறது. சமவெளியின் இயல்பு.

கடையின் பின்பக்கம் சரக்கு இறக்கும் மேடை. அங்கே சரக்கைப் பார்த்து வாங்குகிறவர் பெயர் குணாளன். என் வயது இருக்கலாம். பச்சை ஏப்ரன், காதில் பென்சில், இடுப்பில் வெப்பம் பார்க்கும் துப்பாக்கி. ஒரு பெட்டியைத் திறந்தார். குனிந்தார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"ஏனுங்க, காளான்ல பலாப்பழம் வாசம் அடிக்குதுங்க."

"எனக்குச் சளிங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

முதல் ரிட்டர்ன்.

திரும்பும் வழியில் போஜண்ணன் தானாகவே ஒப்புக்கொண்டார். மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு மசக்கை. பலாப்பழம் கேட்டிருக்கிறாள். "குளுரா இருந்தா புள்ளைக்கு இதமா இருக்கும்னு பொட்டிக்குப் பக்கத்துல வெச்சனுங்க." மேட்டுப்பாளையத்தில் நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது மருமகன் வந்து தோளில் தூக்கிப் போயிருக்கிறார்.

இரண்டு முறை கதவைத் திறந்தும் எட்டு கிலோ பலாப்பழத்தை நான் பார்க்கவில்லை. காளானை மட்டுமே பார்த்திருக்கிறேன். என் கவனம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இது சான்று.

சீட்டில் காரணத்தை முழு வாக்கியமாக எழுதியிருந்தார்: "காளான் நன்றாக உள்ளது, ஆனால் பலாப்பழமாக மணக்கிறது." காற்புள்ளி சரியான இடத்தில். நல்ல கையெழுத்து. இதைக் குறித்துவைப்பதும் தரக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதி.

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. அக்கா இட்லிப் பானையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். பார்த்துக்கொண்டேன். ஆறு முறை. இட்லி வேகவே இல்லை.

"ஏம்புள்ள, தொறந்து தொறந்து பாத்தா ஆவி எங்க நிக்கும்?"

மாவில் உளுந்து போதவில்லை என்பது என் கருத்து. சொல்லவில்லை. தோசையாக ஊற்றிச் சாப்பிட்டோம்.

ஜூன் 10, செவ்வாய்

பலாப்பழம் இல்லை என்பதை இருமுறை உறுதி செய்தபின் கிளம்பினோம். ஐந்து இடத்தில் நிறுத்தி ஐந்து முறை திறந்தேன். நான்கில் தொடங்கி ஒன்பதில் முடிந்தது.

குணாளன் ஒரு காளானை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முத்து வாங்குகிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் அதே காளானைப் பார்த்தேன். இருவரும் ஒரே பொருளைப் பார்க்கும்போது அது இரண்டு பொருள் ஆகிறதா? எம்.ஏ. இரண்டாம் பருவம். விடை எழுதாமல் விட்ட கேள்வி.

"எடுத்துக்கறனுங்க" என்றார். "ஆனா பாத்துக்குங்க."

சீட்டு: "ஏற்றுக்கொள்ளப்படுகிறது. குடையின் ஓரங்களில் பழுப்பு எட்டிப் பார்க்கிறது. கவனம் தேவை."

கவனம் தேவை. இரண்டு முறை படித்தேன். திருத்தம்: ஏழு முறை.

கவனத்தை அதிகப்படுத்த முடிவு. வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்பது இடத்தில் நிறுத்துவது.

ஜூன் 12, வியாழன்

நாளை என்ன உடுத்துவது என்பது தரக் கட்டுப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி.

பச்சை.

ஜூன் 13, வெள்ளி

ஒன்பது முறை.

ஏழாவது முறை திறந்தபோது தட்டின் உறைக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. "காளான்கள் அழுகின்றன" என்று எழுதி அடித்துவிட்டேன். குறிப்பேட்டில் உவமை கூடாது. அவை அழவில்லை. வியர்த்திருந்தன. முதல் பக்கத்து விதியின்படி இது ஆபத்து. ஆகவே இன்னும் இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

போஜண்ணன் வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தார். அவர் பாடுவதைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். அதிர்வு.

குணாளன் பெட்டியைத் திறந்தார். உறையின்மேல் விரலை ஓட்டினார்.

"நல்லா வேத்திருக்குதுங்க."

"மலையில இருந்து வருதில்லைங்களா, கோயமுத்தூர் சூடு பழக்கமில்ல" என்றேன்.

"எனக்கே பழக்கமில்லீங்க. பொறந்து வளந்தது இங்கதான்."

சிரித்தேன். உடனே அவர் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது ரிட்டர்ன். "வியர்வை, பழுப்பு. வருத்தத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது." மற்றதெல்லாம் எல்லாச் சீட்டிலும் வரும் சொற்களே. "வருத்தத்துடன்" மட்டும் இடையில் இடம் பண்ணி, சிறிய எழுத்தில் நுழைக்கப்பட்டிருக்கிறது.

மாலை. இருபத்தெட்டுப் பெட்டிக் காளானைப் பண்ணையே தின்றாக வேண்டும். குழம்பு, வறுவல், பிரியாணி. ஒருத்தி பணியாரத்தில் போட்டாள். பறிக்கும் பெண்களில் மூத்தவர் தங்கமணியம்மா. குழம்பு வாங்கத் தூக்குப்போசியோடு வந்து நின்றார்.

"போன வாரம் பலாப்பழக் காளான். இந்த வாரம் வேர்த்த காளான். எம்புருசன் வூட்டுக்கு வாறதுக்கே பயப்படறான் கண்ணு. வாசல்ல நின்னு மோந்து பாத்துட்டுத்தான் உள்ள காலெடுத்து வெக்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கமணியம்மா இரண்டாவது கொட்டகை. அந்த ஐந்து பேரில் ஒருவர். அவர் சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

காரணம் எது?

போஜண்ணனின் பாட்டு. வண்டி முன்னால் கட்டிய எலுமிச்சை, அதன் அமிலம். பறிக்கும் பெண்களின் நகம், வளையல், கைச்சூடு. மூடுபனி. வெள்ளிக்கிழமை.

காரணம் என்பதே நாம் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கட்டும் பாலம் என்று ஒரு பேராசிரியர் சொன்னார். அவருக்குக் காளான் பண்ணை இல்லை.

எலுமிச்சையைக் கழற்றப் போனேன். போஜண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், காளான் போனா வேற காளான் மொளைக்குமுங்க. மலையில வண்டி உருண்டா?" எலுமிச்சை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

பெண்களுக்குக் கையுறை கொடுத்தேன்.

"பிரசவம் பாக்கவா கண்ணு?" என்றார் தங்கமணியம்மா.

ஜூன் 16, திங்கள்

கடைவாய்ப் பல். வலி. வலியை எழுத்தில் கொண்டுவர முடியாது என்று எங்கோ படித்தேன். உண்மை.

ஜூன் 17, செவ்வாய்

பல் பிடுங்கப்பட்டது. வாயில் பஞ்சு. லோடு நான் இல்லாமல் போனது. வேறு வழியில்லை. காலை முழுக்கக் காளானை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வழக்கமாக ஒரு மணிக்கு வரும் வண்டி பதினொன்றரைக்கே திரும்பிவிட்டது. சாலை காலியாக இருந்திருக்கும்.

சீட்டு: "குறையில்லை. இவ்வளவு வெள்ளையை இந்த மாதம் பார்க்கவில்லை. நோட்டுக்காரர் வரவில்லையா?"

அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். கன்னத்தில் அடிபட்டு அலறினேன்.

கையுறை வென்றது.

ஜூன் 18, புதன்

சீட்டை ஆராய்ந்தேன். எட்டுச் சொற்கள். அதில் காளானுக்கு ஆறு, எனக்கு இரண்டு. கேள்விக்குறி சற்று அழுத்தி எழுதப்பட்டிருக்கிறது. பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரிகிறது.

நான் ஏன் பின்பக்கம் தடவினேன் என்பது இந்தக் குறிப்பின் எல்லைக்கு வெளியே.

ஜூன் 20, வெள்ளி

வீங்கிய கன்னத்தோடு கிளம்பினேன். அக்கா, "இன்னும் ரெண்டு நாள் படுத்துக்கலாமில்ல?" என்றாள். கடமை என்றேன். புது துப்பட்டாவைப் பார்த்துவிட்டு, "ம்ம். கடமை" என்றாள்.

கையுறையால் பறித்த காளான். பாட்டைக் குறைத்துக்கொண்ட போஜண்ணன். ஒன்பது முறை திறந்தேன். ஒவ்வொரு முறையும் கையுறையின் வெற்றியைக் கண்ணால் காண வேண்டியிருந்தது. ஆறாவது முறை வெற்றி லேசாக மங்கியது. எட்டாவது முறை, உறைக்கு அடியில் மழை.

மேடையில் குணாளன் என்னைப் பார்த்ததும் துப்பாக்கியைத் தூக்கினார்.

"கன்னம் என்னங்க இப்படி வீங்கியிருக்குது?" என் நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினார். "முப்பத்தாறரை. காச்சல் இல்லீங்க."

பிறகு பெட்டிக்கு நேரே பிடித்தார். முகம் மாறியது.

"பத்துங்க."

நான் நோட்டில் எழுதினேன். வசுமதி முப்பத்தாறரை, காளான் பத்து. முதலாவதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார். காதுப் பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"மூணாவது ரிட்டர்ன் எழுதுனா அலமாரி போயிருமுங்க. மேனேஜர் கண்டிசனா சொல்லிட்டாரு. பொய் எழுதவும் எனக்கு வராதுங்க. பாதி பரவால்ல. பதினாறு பொட்டி எடுத்துக்கறேன். பன்னண்ட திருப்பிடறேன்."

"அப்ப இது ரிட்டர்னா இல்லையாங்க?"

"அரைங்க."

"அரை ரிட்டர்ன்னு ஒண்ணு இருக்கா?"

"இன்னிக்கு இருந்து இருக்குதுங்க."

ஆக, இரண்டரை. செவ்வாய்க்கிழமை கடைசி லோடு. மூன்றரை என்று ஒன்று இருக்க முடியாது.

மாலை. பன்னிரண்டு பெட்டி. தங்கமணியம்மா வந்தார். தூக்குப்போசியை நீட்டினார், நிரப்பியதும் போய்விட்டார். அவர் கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

போஜண்ணன்தான் காரணம் என்று நிரூபிக்க முடிவு செய்தேன். வழியில் எங்கோ குளிர் இயந்திரத்தை நிறுத்துகிறார். வேறு விளக்கம் இல்லை. வண்டியின் பயணப் புத்தகத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் எத்தனை நிறுத்தம், என்ன காரணம் என்று அவரே எழுதிவைக்க வேண்டும். கோணல் எழுத்து, ஆனால் விடுபடாமல் எழுதியிருக்கிறார்.

3ஆம் தேதி. நிறுத்தம் 1. டீ.

6ஆம் தேதி. நிறுத்தம் 5. மேடம்.

10ஆம் தேதி. நிறுத்தம் 5. மேடம்.

13ஆம் தேதி. நிறுத்தம் 9. மேடம்.

17ஆம் தேதி. நிறுத்தம் 1. டீ.

20ஆம் தேதி. நிறுத்தம் 9. மேடம்.

பக்கத்தில் என் நோட்டை விரித்தேன். வெள்ளை. பலாப்பழம். பழுப்பு எட்டிப் பார்க்கிறது. பழுப்பு. வெள்ளை. பாதி.

இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தேன். எழுந்து ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். எதுவும் மாறவில்லை. நான் பார்த்தும் மாறாத ஒரே விஷயம்.

போஜண்ணன் வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் தொறக்கறதாலதான் காளான் கெடுதா?"

குழாயை நிறுத்தினார். "அப்படித்தானுங்க இருக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னங்க. பதினெட்டு வருசமா குளுர்வண்டி ஓட்டறேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல!"

"படிச்சவங்க. ஏதோ ஆராய்ச்சின்னு நெனச்சனுங்க. தங்கமணியம்மாகிட்டக் கூடக் கேட்டேன். கோமளாம்மா சொல்லித்தான் தொறப்பீங்கன்னாங்க."

அக்காவிடம் ஓடினேன். அவள் வாய் பிளந்தாள். "நான் எங்க சொன்னேன்? நாலெடத்துல அளந்து எழுதிக் கொண்டாரச் சொல்லிக் கடைக்காரங்கதான் உசுர வாங்கறாங்கன்னு நெனச்சேன்."

கடைக்காரர் என்ன நினைத்திருப்பார்? பண்ணைக்காரர்கள் சொல்லி நான் எழுதுவதாக. ஆக, எல்லோரும் யாரோ சொன்னதாக நினைத்திருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை.

அக்கா என் நோட்டை வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பினாள். சிவப்பு மையை வாய்விட்டுப் படித்தாள். "குளிர்ந்த காளான்மேல் வெளிக்காற்று பட்டால்..." அதற்கு மேல் படிக்க முடியவில்லை. காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"செவ்வாக்கெழம நீ போக வேண்டாம் புள்ள."

"ஒரு பயணப் புத்தகத்தை வச்சு முடிவு பண்ண முடியாதுக்கா. சோதிச்சுப் பாக்கணும்."

"எதுக்கு? போறதுக்கா?"

"அறிவியலுக்கு."

"சரி, அறிவியலுக்கு நாளைக்கு ஒரு நாள்" என்றாள்.

ஜூன் 23, திங்கள்

குளிரறையிலிருந்து இரண்டு பெட்டி. ஒரே நேரத்தில் பறித்தது, ஒரே எடை. பனிக்கட்டிப் பைகளோடு இரண்டையும் வாசலில் வைத்தேன். முதல் பெட்டியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒன்பது முறை திறப்பது. இரண்டாவதைத் திறக்கவே கூடாது.

முதல் பெட்டி சுலபமாக இருந்தது. எனக்குப் பழக்கம்.

இரண்டாவதுதான் கொடுமை. உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? பார்க்காத காளான் வெள்ளையா பழுப்பா? இரண்டுமா? கை தானாகப் போயிற்று. மூடியின் விளிம்பை விரல் தொட்டதும் தங்கமணியம்மா கொட்டகையிலிருந்து கத்தினார்.

"ஏ கண்ணு! கை!"

"சும்மாதான் வச்சிருக்கேன்."

"நீ சும்மா வெச்சிருந்த கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும்." வந்தார். சாக்குக் கட்டும் கயிற்றால் பெட்டியைச் சுற்றினார். ஏழு முடிச்சு. "இப்ப சும்மா வெச்சுக்க."

பிற்பகல் மூன்று மணி வரை இரண்டும் அங்கேயே இருந்தன. எல்லோரும் கூடினார்கள். முதல் பெட்டி: ஈரம், ஓரமெல்லாம் பழுப்பு, திரிந்த பால் மாதிரி ஒரு களை. தங்கமணியம்மா முடிச்சுகளைப் பல்லால் அவிழ்த்தார். இரண்டாவது பெட்டி: வெள்ளை. அவ்வளவு வெள்ளை. பதினொரு பேரும் கை தட்டினார்கள்.

நானும் தட்டினேன்.

குறிப்பு: கையுறைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பெண்களிடம் மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல கண்ணு, பாத்திரம் கழுவ ஆச்சு" என்றார்கள்.

ஆகவே நான் நாளை போகவில்லை. நாளை மட்டுமல்ல. யோசித்துப் பார்த்தால், எப்போதுமே.

இது நல்ல செய்தி. ஐந்து பேரின் வேலை. நல்ல செய்தி என்று எழுதியாயிற்று.

ஜூன் 24, செவ்வாய்

ஐந்து மணி. இருபத்தெட்டுப் பெட்டி. பின்கதவை நானே சாத்திப் பூட்டினேன். சாவியைப் போஜண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பித்தானையும் போட்டுக்கொண்டார்.

"மேடம் வரலீங்களா?"

"இல்லண்ணா."

"குணாளன் சார் கேப்பாருங்களே."

"என்ன கேப்பார்?"

"போன வாரம் நீங்க வராதப்பவும் கேட்டாருங்க. நோட்டுக்காரம்மா எங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பல்லுன்னேன்."

காலையில் ஆறு வரைவு எழுதியிருந்தேன். முதல் வரைவு இரண்டு பக்கம். அறிதலின் வரம்புகள் பற்றிய ஒரு பத்தியும் இருந்தது. கொடுத்தனுப்பியது ஆறாவது: "இன்று காளான் வெள்ளையாக இருந்தால், நான் வராததே காரணம். – வசுமதி."

வண்டி வளைவில் மறைந்தது. ஐந்து ஐம்பதுக்குப் போஜண்ணனைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"குஞ்சப்பனைங்க."

"வண்டி சத்தமே கேக்கலையே?"

"போன்ல பேசிட்டு ஓட்டக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. நிறுத்திட்டனுங்க."

வைத்துவிட்டேன். போனும் ஒரு மூடிதான். தங்கமணியம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டாவது கொட்டகைக்குள், சிக்னல் எட்டாத கடைசி அடுக்கில், காளான்களுக்கு நடுவே வைத்தார். "பறிக்கற அளவுக்கு வளந்ததும் தர்றேன்" என்றார்.

கொட்டகையைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன். அக்கா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரை அணைந்திருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஹாரன்.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். போஜண்ணன் நிதானமாக இறங்கினார், நிதானமாகப் பித்தானைக் கழற்றினார், சாவியை எடுத்தார். கதவு திறந்தது. உள்ளே காலிப் பெட்டிகள். எல்லாமே காலி. இருபத்தெட்டு.

தங்கமணியம்மா குலவை போட்டார். இவ்வளவு பெரிய சத்தம் அந்த உடம்புக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. அக்கா சீட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். "குறையில்லை. இடம் உறுதி." பிறகு அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. நான் போய்த் திறக்கவில்லை. கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பயணப் புத்தகத்தில்: நிறுத்தம் 2. டீ. மேடம், போன் மூலம்.

"இது உங்களுக்குங்க." போஜண்ணன் இன்னொரு தாளை நீட்டினார். நான்காக மடித்தது. மூன்று பின் அடித்திருந்தது. மேலே "நோட்டுக்காரருக்கு" என்று அந்தக் கையெழுத்து.

"தொறந்து பாக்கலீங்க மேடம்" என்றார். "அனுபவம்."

மாலை அக்கா தலைக்குக் குளிக்கப் போனாள். இட்லி ஊற்றி வைத்திருப்பதாகவும் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, பார்க்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

மடித்த தாளைப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். காலிப் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தேன். பத்து நிமிடம் ஆகியிருந்தது. இரண்டையும் திறந்தேன்.